குடும்பத்துக்கு மருத்துவக் காப்பீடு: என்னிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

2019-ல் அம்மாவுக்குப் பித்தப்பைக் கல் ஆபரேஷன். பாலிசி எடுத்து நாலு வருடம் ஆகியிருந்தது. "கேஷ்லெஸ்தானே, பில்லை இன்சூரன்ஸ் கம்பெனியே ஆஸ்பத்திரிக்கு நேராகக் கட்டிவிடும், கையை வீசிக்கொண்டு போய்விட்டு வரலாம்" என்ற தைரியத்தில் இருந்தேன். டிஸ்சார்ஜ் அன்று பில்லிங் கவுன்டரில் 48,000 ரூபாய் கட்டச் சொன்னார்கள். அங்கேயே ஓரமாக நின்று தங்கைக்கு போன் போட்டு, "உன் அக்கவுன்ட்டில் எவ்வளவு இருக்கும்?" என்று கேட்டேன். ஆஸ்பத்திரி ஏமாற்றவில்லை, காப்பீட்டு நிறுவனமும் ஏமாற்றவில்லை. பாலிசியில் அச்சடித்திருந்ததை நான் படிக்காமல் விட்டிருந்தேன், அவ்வளவுதான்.

அதற்குப் பிறகு உட்கார்ந்து படித்தேன். படித்ததைச் சொன்னதில், சொந்தக்காரர்கள், தெருக்காரர்கள், ஆபீஸ் நண்பர்கள் என்று பலரும் கேட்க ஆரம்பித்தார்கள். திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை இங்கே எழுதி வைக்கிறேன். நான் ஏஜென்ட் இல்லை. எந்தக் கம்பெனியிடமும் கமிஷன் வாங்குவதில்லை.

முதல்வர் காப்பீட்டு அட்டை இருக்கிறது. அப்புறம் எதற்குக் காசு கட்டிப் பாலிசி?

அட்டை இருந்தால் முதலில் அதைக் கையில் எடுங்கள். குடும்பத்தின் ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் சேரலாம். பிரீமியம் கிடையாது. 2018-ல் மத்திய அரசின் ஆயுஷ்மான் பாரத் திட்டத்தோடு இணைத்த பிறகு, குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை. ஏற்கெனவே நோய் இருக்கிறதா என்று யாரும் தோண்ட மாட்டார்கள். வருமானச் சான்று, ரேஷன் கார்டு, ஆதார் மூன்றையும் எடுத்துக்கொண்டு கலெக்டர் ஆபீஸில் இருக்கும் காப்பீட்டு மையத்துக்குப் போனால் வேலை முடியும்.

இதில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பட்டியலில் இருக்கும் சிகிச்சைகளுக்கு, பட்டியலில் இருக்கும் மருத்துவமனைகளில்தான் இது செல்லும். இதய ஆபரேஷன், டயாலிசிஸ், புற்றுநோய் சிகிச்சை போன்ற பெரிய செலவுகளில் இது எத்தனையோ குடும்பங்களைக் காப்பாற்றியிருக்கிறது. டெங்கு வந்து பக்கத்துத் தனியார் ஆஸ்பத்திரியில் நாலு நாள் படுக்க நேர்ந்தால் இதே அட்டை கைகொடுக்கும் என்று நம்பியிருக்க முடியாது. வருமானம் அந்த வரம்பைக் கொஞ்சம் தாண்டி, அட்டையும் கிடைக்காமல் தனியார் பில்லும் கட்ட முடியாமல் நடுவில் நிற்பவர்களுக்காகத்தான் பெரும்பாலும் இந்தப் பக்கத்தை எழுதுகிறேன்.

வீட்டில் 70 வயது நிறைந்தவர் இருந்தால் இன்னொன்று. வருமானம் எவ்வளவு இருந்தாலும் அவர்களுக்கு 5 லட்சம் வரை என்று அதே ஆயுஷ்மான் பாரத் திட்டத்தில் மத்திய அரசு 2024 அக்டோபரில் தொடங்கிய விரிவாக்கம் உண்டு. உங்கள் ஊரில் எந்த ஆஸ்பத்திரி அதை ஏற்கிறது என்று நேரில் கேட்ட பிறகு அதை நம்புங்கள்.

சம்பளத்தில் ஈஎஸ்ஐ பிடிக்கிறார்களே?

ஈஎஸ்ஐ என்பது தொழிலாளர்களுக்கான அரசுக் காப்பீடு, மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள் இருப்பவர்களுக்குப் பிடிப்பது. உங்கள் பங்கு 0.75 சதவீதம், முதலாளி பங்கு 3.25 சதவீதம். மனைவி, குழந்தைகளோடு உங்களைச் சார்ந்திருக்கும் பெற்றோருக்கும் அதில் சிகிச்சை உண்டு. வரிசையில் நிற்க வேண்டியிருக்கும், டிஸ்பென்சரியில் எழுதி வாங்க வேண்டியிருக்கும் என்று சலித்துக்கொண்டு ஈஎஸ்ஐ அட்டையை பீரோவில் போட்டுவிட்டுக் கடன் வாங்கித் தனியாரிடம் போகிறவர்களை நிறையப் பார்க்கிறேன். அட்டையைத் தூசி தட்டுங்கள். சம்பளம் உயர்ந்து 21,000-ஐத் தாண்டப் போகிறது என்றால், அந்தச் சமயம்தான் சொந்தமாக ஒரு பாலிசி எடுக்க வேண்டிய நேரம்.

பேங்கில் வருடம் 20 ரூபாய் இன்சூரன்ஸ் என்று எடுக்கிறார்கள். அது மருத்துவத்துக்கு உதவாதா?

உதவாது. அது பிரதமரின் விபத்துக் காப்பீடு. விபத்தில் இறந்தாலோ நிரந்தர ஊனம் ஏற்பட்டாலோதான் பணம் வரும். 436 ரூபாய் எடுப்பது ஆயுள் காப்பீடு. இரண்டும் இருக்கட்டும், நல்லதுதான். ஆஸ்பத்திரி பில்லுக்கு இரண்டுமே வராது. "எங்களுக்கு பேங்கிலேயே இன்சூரன்ஸ் இருக்கு" என்று சொல்லும் பத்துப் பேரில் பாதிப் பேர் இந்த 20 ரூபாயைத்தான் சொல்கிறார்கள்.

கம்பெனியில் குரூப் இன்சூரன்ஸ் இருக்கிறது. போதாதா?

வேலையில் இருக்கும்வரை அருமையான விஷயம். பெரும்பாலும் காத்திருப்புக் காலம் (பாலிசி எடுத்தும் சில நோய்களுக்குப் பணம் வராத ஆரம்பக் காலம்) கிடையாது, பெற்றோரையும் சேர்க்க விடுவார்கள். ஆனால் வேலை போன அன்றே அதுவும் போய்விடும். 45 வயதில் சுகரும் பிரஷரும் வந்த பிறகு புதிதாகப் பாலிசி கேட்டுப் போனால் அங்கே காத்திருப்பு முதல் நாளிலிருந்து தொடங்கும். ஆகவே உடம்பு நன்றாக இருக்கும்போதே சிறிய தொகைக்காவது சொந்தமாக ஒன்று எடுத்து ஓடவிடுங்கள். வேலையை விடுகிறீர்கள் என்றால், அதே காப்பீட்டு நிறுவனத்தின் தனிநபர் பாலிசிக்கு மாற்றித் தரும்படி விடுவதற்கு முன்பே எழுதிக் கேளுங்கள். வெளியே வந்து ஆறு மாதம் கழித்துக் கேட்டால் நடக்காது.

எவ்வளவு தொகைக்கு எடுப்பது? 5 லட்சமா, 25 லட்சமா?

உங்கள் ஊரில் நீங்கள் உண்மையிலேயே போகக்கூடிய ஆஸ்பத்திரியில் ஒரு இதய பைபாஸ் ஆபரேஷனுக்கு என்ன பேக்கேஜ் சொல்கிறார்கள் என்று விசாரியுங்கள். அந்தத் தொகையைப் போல ஒன்றரை மடங்காவது இருக்க வேண்டும் என்பது என் கணக்கு. கணவன், மனைவி, இரண்டு குழந்தைகள் என்றால் 10 லட்சத்துக்குக் கீழே இறங்க வேண்டாம் என்பேன்.

அவ்வளவு பிரீமியம் கட்ட முடியாது என்பவர்களுக்கு ஒரு வழி இருக்கிறது. 5 லட்சத்துக்கு ஒரு அடிப்படைப் பாலிசி, அதற்கு மேல் ஒரு சூப்பர் டாப்-அப். முதல் 5 லட்சத்தை அடிப்படைப் பாலிசி பார்த்துக்கொள்ளும். அதைத் தாண்டினால்தான் டாப்-அப் நிறுவனம் பணம் கொடுக்க வேண்டும், அதனால் பிரீமியம் மலிவு. இரண்டும் ஒரே கம்பெனியில் இருக்க வேண்டும் என்பதில்லை.

வாங்கும்போது 'சூப்பர்' என்ற சொல் இருக்கிறதா என்று பாருங்கள். வெறும் டாப்-அப் ஒவ்வொரு பில்லையும் தனித்தனியாகப் பார்க்கும். ஒரே வருடத்தில் 4 லட்சம், 4 லட்சம் என்று இரண்டு முறை பில் வந்தால், எந்தப் பில்லும் 5 லட்சத்தைத் தாண்டவில்லை என்று சொல்லி ஒரு ரூபாயும் தராது. அடிப்படைப் பாலிசி 5 லட்சம் கொடுத்தது போக மீதி 3 லட்சம் உங்கள் தலையில். சூப்பர் டாப்-அப் வருடத்தின் மொத்தப் பில்லையும் கூட்டிப் பார்க்கும், அந்த 3 லட்சத்தைக் கொடுக்கும்.

எல்லோரையும் ஒரே ஃப்ளோட்டர் பாலிசியில் போட்டுவிடலாமா?

ஃப்ளோட்டர் என்றால் ஒரே தொகையைக் குடும்பம் முழுவதும் பங்கிட்டுக்கொள்வது. நீங்கள், மனைவி, குழந்தைகள் வரை சரி. அப்பா அம்மாவை அதில் சேர்க்காதீர்கள். ஃப்ளோட்டரில் பிரீமியம் பொதுவாகக் குடும்பத்திலேயே மூத்தவரின் வயதை வைத்துத்தான் போடப்படும். 68 வயது அப்பா உள்ளே வந்தால் உங்கள் ஆறு வயதுப் பெண்ணும் சேர்ந்து கிழவியாகிவிடுவாள். அதோடு, அப்பாவுக்கு ஒரு பெரிய சிகிச்சை நடந்தால் அந்த வருடத் தொகை முழுக்க அதிலேயே கரைந்துவிடும். பெற்றோருக்குத் தனிப் பாலிசி, உங்களுக்கு ஒரு ஃப்ளோட்டர் என்று பிரிப்பதே கடைசியில் மலிவு.

65 வயதுக்கு மேல் புதிதாகப் பாலிசி கிடைக்காது என்று யாராவது சொன்னால் அது பழைய கதை. 2024 ஏப்ரலில் வந்த விதிகளில் அந்த வயது வரம்பு எடுக்கப்பட்டுவிட்டது. எல்லா வயதினருக்கும் ஏதாவது ஒரு திட்டமாவது நிறுவனங்கள் வைத்திருக்க வேண்டும். விலை என்ன என்பது வேறு விஷயம். 60 தாண்டியவர்களின் பிரீமியத்தை ஆண்டுக்கு 10 சதவீதத்துக்கு மேல் ஏற்ற வேண்டுமானால் ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐ-யைக் கலந்துகொள்ள வேண்டும் என்று 2025 ஜனவரியில் உத்தரவு வந்தது. அது கொஞ்சம் ஆறுதல்.

அப்பாவுக்குச் சுகர். "ஃபார்மில் போடாதீங்க சார், நான் பாத்துக்கறேன்" என்கிறார் ஏஜென்ட். விட்டுவிடலாமா?

கூடவே கூடாது. இந்தப் பக்கத்தில் நீங்கள் ஒரே ஒரு பதிலைத்தான் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள்.

கிளெய்ம், அதாவது பில் பணத்தை நிறுவனத்திடம் கேட்கும் நேரம், வரும்போது ஆஸ்பத்திரியில் முதல் ஆளாக வந்து நிற்பவர் டியூட்டி டாக்டர். "ஐயா, எத்தனை வருஷமா சுகர் மாத்திரை போடறீங்க?" என்று கேட்பார். அப்பாவும் உள்ளதை உள்ளபடி, "அது ஆச்சு தம்பி, ஒரு எட்டு வருஷம்" என்பார். டாக்டர் கேஸ் ஷீட்டில் எட்டு வருடம் என்று எழுதுவார். அந்தத் தாளின் நகல் காப்பீட்டு நிறுவனத்துக்குப் போகும். உங்கள் விண்ணப்பத்தில் 'இல்லை' என்று டிக் அடித்திருக்கும். அவ்வளவுதான், கிளெய்மும் போச்சு, பாலிசியையே ரத்து செய்யவும் அவர்களுக்கு வழி கிடைத்துவிடும். அப்போது அந்த ஏஜென்ட் போனை எடுக்க மாட்டார்.

சொல்லிவிட்டால் என்ன ஆகும்? பிரீமியத்தில் கொஞ்சம் கூட்டுவார்கள். அல்லது ஏற்கெனவே உள்ள நோய்க்கு ஒரு காத்திருப்புக் காலம் வைப்பார்கள். இப்போதைய விதிப்படி அது அதிகபட்சம் 36 மாதம், முன்பு 48 ஆக இருந்தது. மூன்று வருடம் கழித்து அந்தச் சுகரால் வரும் சிக்கலுக்கும் பணம் வரும். சில திட்டங்களில் கூடுதல் பிரீமியம் கட்டினால் காத்திருப்பைக் குறைத்துத் தருகிறார்கள். ஒரு கம்பெனி முடியாது என்றால் அடுத்த கம்பெனியைக் கேட்கலாம்.

ஐந்து வருடம், அதாவது 60 மாதம், இடைவிடாமல் பாலிசி ஓடிவிட்டால், 'நீ அன்றைக்கு இதைச் சொல்லவில்லை' என்ற காரணத்தைக் காட்டி நிறுவனம் கிளெய்மை மறுக்க முடியாது, மோசடி என்று நிரூபித்தால் ஒழிய. இதைக் கேள்விப்பட்டு, "அப்படியென்றால் ஐந்து வருடம் மறைத்து ஓட்டிவிடலாமே" என்று என் மச்சான் கணக்குப் போட்டான். அந்த ஐந்து வருடத்துக்குள் உடம்புக்கு எதுவும் வராது என்று எழுதிக் கொடுப்பது யார்?

விண்ணப்பத்தை நீங்களே நிரப்புங்கள். பழைய ஆபரேஷன், தைராய்டு மாத்திரை, ஒரு காலத்தில் வந்த மஞ்சள் காமாலை, எல்லாவற்றையும் எழுதுங்கள்.

பாலிசி எடுத்த மறுநாளே பயன்படுத்தலாமா?

விபத்துக்கு உண்டு. மற்ற நோய்களுக்கு முதல் 30 நாள் கிடையாது. கண்புரை, குடலிறக்கம், மூலம், சிறுநீரகக் கல், பித்தப்பைக் கல், கர்ப்பப்பை நீக்கம் போன்ற ஒரு பட்டியலுக்குப் பொதுவாக 24 மாதம் காத்திருக்க வேண்டும். "பொறுத்துச் செய்துகொள்ளலாம்" என்று டாக்டர்கள் சொல்லும் ஆபரேஷன்கள்தான் பெரும்பாலும் அந்தப் பட்டியலில் இருக்கும், கவனித்துப் பாருங்கள். ஏற்கெனவே உள்ள நோய்க்கான 36 மாதம் பற்றி மேலே சொல்லிவிட்டேன்.

உங்கள் அம்மாவுக்கு அந்த 48,000 எங்கே போனது?

ரூம் வாடகையில். கணக்கைப் பிரித்தே காட்டுகிறேன்.

பாலிசித் தொகை 3 லட்சம். அறை வாடகை அதில் 1 சதவீதம், நாளைக்கு 3,000 ரூபாய் என்று பாலிசியில் இருந்தது. அட்மிஷன் அன்று, "ஏசி சிங்கிள் ரூம் 5,000 ரூபாய், ஷேரிங் ரூம் 3,000 ரூபாய்" என்றார்கள். மூன்று நாளுக்கு 6,000 ரூபாய்தானே கூட, அம்மா நிம்மதியாகப் படுத்திருக்கட்டும் என்று சிங்கிள் ரூம் எடுத்தேன்.

மொத்தப் பில் 1,14,000. அறை 15,000. டாக்டர், மயக்க மருந்து, ஆபரேஷன் தியேட்டர், நர்சிங் சேர்த்து 70,000. மருந்தும் பரிசோதனையும் 25,000. கையுறை, டயப்பர் வகையறா 4,000.

5,000 ரூபாய் அறைக்கு 3,000 மட்டுமே தகுதி என்றால் விகிதம் 60 சதவீதம். இந்த 60 சதவீதத்தை அறைக்கு மட்டும் போட்டிருந்தால் பரவாயில்லை, பில் முழுவதற்கும் போட்டார்கள். பல ஆஸ்பத்திரிகளில் அறையின் தரம் ஏற ஏற டாக்டர் கட்டணமும் தியேட்டர் கட்டணமும் ஏறுவதால் இப்படி ஒரு விதி. 15,000-க்கு 9,000, 70,000-க்கு 42,000, 25,000-க்கு 15,000. கையுறைக் கணக்குக்குப் பூஜ்யம். ஆக 66,000 அவர்கள், 48,000 நான்.

2020-ல் விதி கொஞ்சம் மாறியது. மருந்து, பரிசோதனை, உள்ளே பொருத்தும் ஸ்டென்ட் போன்றவற்றில் இப்படி விகிதம் போட்டுக் கழிக்கக் கூடாது, ஐசியு கட்டணத்திலும் கூடாது என்று ஆகிவிட்டது. அதே பில் இன்று வந்தால் 10,000 மிச்சம். மீதி 38,000 இன்றும் என் பையிலிருந்துதான் போயிருக்கும்.

ஆகவே வாங்கும்போது 'ரூம் வாடகைக்கு வரம்பு இல்லை' அல்லது 'தனி ஏசி அறை' என்று இருக்கும் திட்டமாகப் பாருங்கள். ஏற்கெனவே வரம்பு உள்ள பாலிசிதான் இருக்கிறது என்றால், அட்மிஷன் கவுன்டரில் அந்த எண்ணைச் சொல்லி, "இதற்குள் எந்த அறை?" என்று கேட்டுப் படுங்கள். கையுறை, சிரிஞ்ச் மாதிரிச் சில்லறைப் பொருள்களுக்கு 'கன்ஸ்யூமபிள்ஸ்' என்ற பெயரில் ஒரு துணைப் பாலிசி விற்கிறார்கள். விலை அதிகமில்லை என்றால் சேர்த்துக்கொள்ளலாம்.

கோ-பே வைத்தால் பிரீமியம் குறைகிறதே, வைக்கலாமா?

ஒவ்வொரு பில்லிலும் 10 அல்லது 20 சதவீதத்தை நான் கட்டுகிறேன் என்று ஒப்புக்கொள்வதுதான் கோ-பே. இளம் வயதுக் குடும்பத்துக்கு வேண்டவே வேண்டாம். பிரீமியத்தில் மிச்சமாகும் சில ஆயிரங்களுக்காக 6 லட்ச ரூபாய் பில்லில் 1,20,000 கட்ட வேண்டி வரும். வயதான பெற்றோருக்குப் பல திட்டங்களில் இது கட்டாயமாகவே இருக்கும். அங்கே வேறு வழியில்லாமல் ஏற்றுக்கொண்டு, கோ-பே தொகைக்கென்று பேங்கில் ஒரு வைப்புத்தொகை போட்டு வையுங்கள்.

சரி, பிரீமியத்தை நிஜமாகக் குறைக்க என்னதான் வழி?

முதல் விஷயத்தை அரசே செய்துவிட்டது. 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர், குடும்ப மருத்துவப் பாலிசிகளுக்கு ஜிஎஸ்டி இல்லை. அதற்கு முன் 18 சதவீதம். உங்கள் புதுப்பிப்பு நோட்டீஸில் வரி என்று ஏதாவது போட்டிருந்தால் கேளுங்கள்.

அடுத்து, இளமையில் எடுப்பது. இரண்டு மூன்று வருடத்துக்குச் சேர்த்துக் கட்டினால் தள்ளுபடி உண்டு, நடுவில் விலை ஏறினாலும் உங்களைப் பாதிக்காது. அலங்காரங்களை வெட்டுங்கள்: ஏர் ஆம்புலன்ஸ், வெளிநாட்டுச் சிகிச்சை, ஜிம் தள்ளுபடி. தேனியில் இருப்பவருக்கு ஏர் ஆம்புலன்ஸ் எங்கே வந்து இறங்கும் என்று நானும் யோசித்துப் பார்த்ததுண்டு.

சில நிறுவனங்கள் ஊர்வாரியாக விலை வைத்திருக்கின்றன. பெருநகரத்தில் அதிகம், சிறிய ஊரில் குறைவு. சிறிய ஊர் விலையில் எடுத்துவிட்டு, பெரிய சிகிச்சைக்குச் சென்னைக்குப் போனால் ஒரு பங்கை நீங்கள் கட்ட வேண்டும் என்று சில பாலிசிகளில் இருக்கும். நம் மக்கள் பெரிய வியாதி என்றால் சென்னை, கோவை, வேலூர் என்றுதான் பஸ் ஏறுகிறார்கள். அதனால் இந்த வரியைத் தேடிப் படியுங்கள்.

அரசு அட்டைக்குத் தகுதி இல்லாமல், பட்ஜெட்டும் மிகக் குறைவு என்றால் 'ஆரோக்ய சஞ்சீவனி' என்று கேளுங்கள். 2020 ஏப்ரலில் வந்த பொதுத் திட்டம். எல்லா நிறுவனங்களும் இதை ஒரே விதிகளோடு விற்க வேண்டும், விலை மட்டும் ஆளுக்கு ஆள் மாறும். அதனால் ஒப்பிடுவது சுலபம். கோ-பே 5 சதவீதம், அறை வாடகை நாளைக்கு அதிகபட்சம் 5,000, ஐசியு 10,000, கண்புரைக்கு ஒரு கண்ணுக்கு அதிகபட்சம் 40,000. குறை இருக்கிறது, ஆனால் எல்லாம் வெளிப்படையாகத் தெரிந்த குறைகள்.

ஏஜென்ட்டா, ஆன்லைனா?

நல்ல ஏஜென்ட் கிடைத்தால் அவரை விடாதீர்கள். இரவு 11 மணிக்கு அட்மிஷன் என்று போன் செய்தால் எடுப்பவர், கிளெய்ம் ஃபார்மைத் தானே வந்து வாங்கிக்கொள்பவர், ஊருக்கு ஒருவராவது இருப்பார். ஏற்கெனவே கிளெய்ம் வாங்கிய இரண்டு பேரை அடையாளம் காட்டச் சொல்லுங்கள், அவர்களிடம் பேசுங்கள். அப்படி யாரும் கிடைக்கவில்லை என்றால் நிறுவனத்தின் தளத்திலேயே நேராக வாங்கலாம். சில இடங்களில் அதற்குச் சிறு தள்ளுபடியும் உண்டு. "என் கமிஷனில் பாதியை உங்களுக்கே தருகிறேன்" என்று ஒருவர் சொன்னால் அவரிடம் வாங்காதீர்கள். காப்பீட்டுச் சட்டத்தின் 41-வது பிரிவு அதைத் தடை செய்கிறது. சட்டம் இருக்கட்டும், முதல் நாளே விதியை மீறுகிறவர் கிளெய்ம் நாளில் எப்படி நடந்துகொள்வார்?

எந்தக் கம்பெனி நல்லது?

பெயர் சொல்ல மாட்டேன், பார்க்கும் விதத்தைச் சொல்கிறேன். விளம்பரத்தில் வரும் "100-க்கு 95 கிளெய்ம் கொடுத்தோம்" என்ற எண்ணில் ஒரு சூட்சுமம் உண்டு. அது எண்ணிக்கைக் கணக்கு. 1,14,000 பில்லுக்கு 66,000 கொடுத்த என் அம்மாவின் கிளெய்மும் அந்த 95-ல் ஒன்றுதான். கேட்ட தொகையில் எத்தனை சதவீதம் கொடுத்தார்கள், எத்தனை புகார் வந்தது என்ற விவரங்கள் ஐஆர்டிஏஐ ஆண்டறிக்கையிலும் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளர்களின் ஆண்டறிக்கையிலும் கிடைக்கும்.

அதைவிட எளிதான வழி ஒன்று நான் கண்டுபிடித்தது. உங்கள் ஊரில் நீங்கள் போகும் ஆஸ்பத்திரியில் இன்சூரன்ஸ் டெஸ்க் என்று ஒரு மேஜை இருக்கும். கூட்டம் குறைந்த மதிய வேளையில் போய், "பாலிசி எடுக்கப் போகிறேன், எந்தக் கம்பெனி அப்ரூவல் சீக்கிரம் வருகிறது, யார் அதிகம் இழுக்கிறார்கள்?" என்று கேளுங்கள். நாள் முழுக்க அந்த நிறுவனங்களோடு மல்லுக்கட்டுகிறவர்கள் அவர்கள். நான் கேட்டபோது அங்கிருந்த பெண் வாயால் ஒன்றும் சொல்லவில்லை. காத்திருக்கும் ஃபைல்களின் அடுக்கைக் காட்டினார். ஒரே பெயர் திரும்பத் திரும்ப இருந்தது. அந்த ஆஸ்பத்திரியில் யாருக்குக் கேஷ்லெஸ் இப்போது நடப்பில் இருக்கிறது என்பதையும் அங்கேயே கேட்டுவிடுங்கள். இணையதளப் பட்டியல்கள் பழையதாக இருக்கும்.

பிரசவம், சித்த மருத்துவம்?

பிரசவத்துக்கு எல்லாப் பாலிசியும் தராது. தருபவையும் 9 மாதம் முதல் மூன்று நான்கு வருடம் வரை காக்க வைக்கும், தொகைக்கும் வரம்பு உண்டு. கல்யாணமானதும் எடுத்தால்தான் அர்த்தம். சித்தா, ஆயுர்வேதம் இரண்டுக்கும், அங்கீகரிக்கப்பட்ட மருத்துவமனையில் உள்நோயாளியாக இருந்தால் பணம் வரும். எண்ணெய்க் குளியல், மசாஜ் என்று உடம்பைத் தேற்றிக்கொள்ளப் போனால் வராது.

புதுப்பிக்க மறந்துவிட்டேன், என்ன செய்வது?

ஆண்டு பிரீமியம் என்றால் 30 நாள், மாதத் தவணை என்றால் 15 நாள் அவகாசம் உண்டு. அதற்குள் கட்டினால் காத்திருந்த வருடங்கள் வீணாகாது. ஆனால் ஆண்டு பிரீமியம் கட்டுகிறவருக்கு, விட்டுப்போன அந்த நாட்களில் படுத்தால் பணம் வராது. பேங்கில் தானியங்கிக் கட்டளை போட்டுவிடுங்கள்.

கம்பெனி பிடிக்கவில்லை என்றால் பாலிசியை விட்டுவிட்டு வேறு எடுக்காதீர்கள், போர்ட் செய்யுங்கள். நம்பரை மாற்றாமல் சிம் மாற்றுகிறோமே, அதே மாதிரி. ஏற்கெனவே காத்திருந்த காலம் புது இடத்திலும் கணக்கில் வரும். புதுப்பிக்கும் தேதிக்கு ஒன்றரை, இரண்டு மாதம் முன்பே விண்ணப்பியுங்கள். புது நிறுவனம் மறுத்தாலும் பழையது கையில் இருக்கும்.

வரிச் சலுகை?

பழைய வரி முறையில் இருப்பவர்களுக்கு மட்டும். உங்கள் குடும்பத்துக்கு 25,000 வரை, பெற்றோருக்குத் தனியாக 25,000, அவர்கள் 60 தாண்டியவர்கள் என்றால் 50,000. பிரீமியத்தை ரொக்கமாகக் கட்டினால் சலுகை இல்லை. புதிய வரி முறையில் எதுவும் கிடையாது.

கிளெய்மை மறுத்துவிட்டார்கள். அவ்வளவுதானா?

இல்லை. காரணத்தை, பாலிசியின் எந்த விதிப்படி மறுக்கிறார்கள் என்பதோடு எழுத்தில் கேளுங்கள். 2024 விதிகளின்படி நிறுவனத்தின் கிளெய்ம் மறுஆய்வுக் குழு பார்க்காமல் மறுக்கவே கூடாது. கேஷ்லெஸ் கோரிக்கைக்கு ஒரு மணி நேரத்திலும், டிஸ்சார்ஜ் அனுமதிக்கு மூன்று மணி நேரத்திலும் பதில் சொல்ல வேண்டும் என்றும் அதே விதிகளில் இருக்கிறது. மூன்று மணி தாண்டி, அதனால் ஆஸ்பத்திரி கூடுதலாக வசூலித்தால் அதை நிறுவனம்தான் ஏற்க வேண்டும். கவுன்டரில் காத்திருக்கும்போது இதை நினைவில் வைத்திருந்தால் குரல் தானாகக் கொஞ்சம் உயரும்.

முதலில் நிறுவனத்தின் குறைதீர் பிரிவுக்கு எழுதுங்கள். 30 நாளில் பதில் இல்லை, அல்லது பதில் திருப்தியில்லை என்றால் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். பேச்சுவழக்கில் ஓம்புட்ஸ்மேன். தமிழ்நாட்டுக்கான அலுவலகம் சென்னை அண்ணா சாலையில், தேனாம்பேட்டையில் இருக்கிறது. 50 லட்ச ரூபாய் வரையான வழக்குகளைப் பார்க்கிறார்கள். கட்டணமில்லை, வக்கீலும் வேண்டாம். நிறுவனம் மறுத்த ஒரு வருடத்துக்குள் போக வேண்டும். எங்கள் தெருவில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் கையாலேயே இரண்டு பக்கம் எழுதிக் கொண்டுபோய் முழுத் தொகையையும் வாங்கி வந்தார். அவர் கையெழுத்து அழகு என்பதும் ஒரு காரணமாக இருக்கலாம்.

பாலிசி கையில் வந்துவிட்டது. இனி என்ன?

வந்த நாளிலிருந்து 30 நாள் உங்களுக்கு நேரம் இருக்கிறது. பிடிக்கவில்லை என்றால் திருப்பிக் கொடுத்துவிட்டுச் சிறு பிடித்தம் போக மீதிப் பணத்தை வாங்கிக்கொள்ளலாம். நாற்பது பக்கத்தையும் படிக்க யாருக்கும் பொறுமை இருக்காது. கூடவே 'வாடிக்கையாளர் தகவல் தாள்' என்று சில பக்கங்கள் வரும், தமிழிலும் கேட்டு வாங்கலாம். அதில் அறை வாடகை, கோ-பே, காத்திருப்புக் காலம் மூன்றையும் பென்சிலால் வட்டம் போடுங்கள். உங்கள் விண்ணப்பத்தின் நகலில் அப்பாவின் சுகர் பதிவாகியிருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் அன்றே மின்னஞ்சல் அனுப்பித் திருத்தச் சொல்லுங்கள்.

அப்புறம் பாலிசி அட்டையின் படத்தை வீட்டில் எல்லோருடைய போனிலும் போட்டு வையுங்கள். எங்கள் வீட்டில் ஃபிரிட்ஜ் கதவிலும் ஒட்டியிருக்கிறோம். அறை வாடகை எண்ணை அம்மா சிவப்பு மையில் அதன் மேல் எழுதி வைத்திருக்கிறார்.